பணியாரச் சட்டியும் ஒரு நெடுஞ்சாலையும்: டாக்டர் ஃப்ளெட்சாலுக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய டாக்டர் கேல் ஃப்ளெட்சால் அவர்களுக்கு,

வணக்கம். இது உங்கள் கைக்கு வந்து சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நான் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், யூஜீனில் இருக்கும் தமிழன். உங்கள் ஜங்ஷன் சிட்டிக்குக் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆறு வருடமாக ஆகஸ்ட் வந்தால் உங்கள் ஸ்காண்டிநேவிய விழாவில் ஏப்ளஸ்கீவர் என்ற டேனிஷ் உருண்டைப் பலகாரம் சுடும் கடையில் மாவு ஊற்றுகிறேன். சம்பளம் கிடையாது, ஒரு ஏப்ரனும் மதியச் சாப்பாடும் உண்டு.

உங்கள் ஊரின் பெயரே ஒரு ஏமாற்றத்தில் பிறந்தது. இரண்டு ரயில் பாதைகள் இங்கே கூடும் என்று நம்பி ‘ஜங்ஷன்’ என்று பெயர் வைத்தார்கள், கூடவில்லை. பிறகு 99 கிழக்கு, 99 மேற்கு என்று இரண்டு சாலைகள் வந்து கூடி, பெயரைக் காப்பாற்றின. அதற்கும் கண்பட்டதுபோல ஊருக்குக் கிழக்கே இன்டர்ஸ்டேட் 5 என்ற பெரிய நெடுஞ்சாலை வந்தது. வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டால் கடைத்தெரு என்ன ஆகும்? 1961-இல் ஊரே இந்தக் கவலையில் இருந்தபோது, வைத்தியரான நீங்கள் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு ஒரு திருவிழா.

எனக்கு இதில் பிடித்ததே அந்த நேர்மைதான். மரபைக் காப்போம் என்று மேடை போட்டு ஆரம்பித்ததல்ல இது. வியாபாரம் படுத்துவிடக் கூடாது என்று ஆரம்பித்தது. மரபு கையிருப்பில் இருந்தது, அவ்வளவுதான். 1902-இல் ஏ. சி. நீல்சன் என்ற டேனிஷ்காரர் இங்கே 1,600 ஏக்கர் வாங்கிப் பிரித்து விற்க, அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருந்த டேனிஷ் குடும்பங்கள் வந்து குடியேறின. ஆனால் விழா டென்மார்க்கோடு நிற்கவில்லை. நார்வே, ஸ்வீடன், பின்லாந்தையும் சேர்த்து நான்கு நாடுகளுக்கு நான்கு நாட்கள். பின்லாந்து ஸ்காண்டிநேவியாவில் சேருமா என்று கேட்டால் புவியியல் வாத்தியார் முகம் சுளிப்பார். லெஃப்ஸா என்ற நார்வே ரொட்டி வாங்க வரிசையில் நிற்பவர்கள் யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

விழா இத்தனை வருடம் ஓடுவதற்குக் காரணம் பண்பாட்டுப் பற்று என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உள்ளே நின்று பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாப்பாட்டுக் கடை போடுவது சர்ச்சுகள், பள்ளிக் குழுக்கள், சேவைச் சங்கங்கள். நாலு நாள் விற்றதில்தான் அவர்களுடைய வருடச் செலவு நடக்க வேண்டும். எங்கள் கடையும் அப்படித்தான். ஆகவே சனிக்கிழமை காலை ஆள் வரவில்லை என்றால் அது பண்பாட்டுப் பிரச்சினை இல்லை, பிள்ளைகளின் பேருந்துச் செலவுப் பிரச்சினை. வராதவன் வீட்டுக்கே போன் போகும். நல்லெண்ணத்தை மட்டும் நம்பிய எத்தனையோ குழுக்கள் மூன்றாம் வருடம் கலைந்ததைப் பார்த்திருக்கிறேன், நம் தமிழ் ஆட்களுடையதும் சேர்த்துத்தான்.

ஒரு வருடம் உச்சி வெயிலில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டர் கொண்டுவர வேண்டியவன் நான்; மறந்துபோயிருந்தேன். வரிசை தெருமுனைவரை நின்றது. நாலு கடை தள்ளி, எங்களோடு போட்டி போட்டு விற்கும் கடையிலிருந்து ஒருவர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். மாலையில் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “நாளைக்கு நாங்கள் மறப்போம்” என்றார்.

என் அம்மா காரைக்குடியிலிருந்து வந்திருந்த வருடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடைக்குள் வந்ததும் அடுப்பைப் பார்த்து, “ஏண்டா, இது நம்ம பணியாரச் சட்டிடா!” என்றார். அதேதான். வார்ப்பிரும்பு, ஏழு குழி. மாவு மட்டும் வேறு: கோதுமை மாவு, மோர், முட்டை, வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். ‘ஏப்ளே’ என்றால் ஆப்பிள். இப்போது உள்ளே ஆப்பிள் கிடையாது, மேலே மாச்சர்க்கரையும் பக்கத்தில் ஜாமும்தான். அம்மா கேட்காமலே ஒரு பின்னல் ஊசியை எடுத்துச் சடக்கென்று ஒன்றைக் குப்புறத் திருப்பினார். கடையை நடத்தும் எண்பது வயதுப் பாட்டி அவர் கையைப் பிடித்துவிட்டார். இதைக் குப்புறத் திருப்பக் கூடாது. கால் திருப்பு திருப்பினால் உள்ளிருக்கும் மாவு வழிந்து அடியில் அடுத்த சுவரைக் கட்டும். இன்னொரு கால் திருப்பு, இன்னொரு சுவர். அப்போதுதான் பந்தாக வரும். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. ஒரு மணி நேரம் ஊசியை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் பத்தாவது உருண்டையைப் பாட்டி உருட்டிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார். ஒன்பதை எங்களைச் சாப்பிடச் சொன்னார்.

“இதில் ஸ்காண்டிநேவியர் எத்தனை பேர்?” என்று சிலர் நக்கலாகக் கேட்பதுண்டு. எங்கள் கடையில் குறைவு. மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன்தான் இப்போது மிக வேகமான கை. அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பாட்டி. அவருக்கு அவர் மாமியார்.

2020-இல் தொற்றால் விழா நடக்கவில்லை. அந்த ஆகஸ்டில் பாட்டி சட்டிகளைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருந்தார். துரு ஏறவில்லை. ஆனால் அவர் மணிக்கட்டு இப்போது ஒத்துழைப்பதில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து அதட்டுவதோடு சரி.

இந்த வருடப் பணிப்பட்டியல் என்னிடம் இருக்கிறது, டாக்டர். காலை ஷிப்டுகள் நிரம்பிவிட்டன. ஞாயிறு மதியத்துக்கு இன்னும் இரண்டு பேர் குறைகிறார்கள். வெயில் அதிகம், அதனால் யாரும் பெயர் கொடுப்பதில்லை. இன்று சாயங்காலம் ஒவ்வொருவருக்காகப் போன் போட வேண்டும்.

அன்புடன்,
மாவு ஊற்றுபவன்