'எங்கே ஓடினால் என்ன' என்று இடைமுகம் எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் சென்ற வாரம் ஆர்பிசி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு கணினியில் ஓடும் நிரல், இன்னொரு கணினியில் இருக்கும் ஃபங்ஷனைப் பக்கத்தில் இருப்பதைப் போலவே கூப்பிடும் ஏற்பாடுதான் ஆர்பிசி என்று எளிமையாகச் சொல்லியிருந்தார்கள், அதில் குறையில்லை. ஒரே ஒரு வரியில்தான் இடறினேன். நல்ல இடைமுகம் (என்னென்ன கேட்கலாம், என்ன பதில் வரும் என்று மட்டும் சொல்லும் பட்டியல்) எழுதிவிட்டால், அதற்குப் பின்னால் நடக்கும் வேலை இதே கணினியில் நடக்கிறதா வேறெங்கோ நடக்கிறதா என்று கூப்பிடுகிறவர் கவலைப்படவே வேண்டாம் என்று இருந்தது. அந்தக் கவலையை விட்டுவிட்டுப் பட்ட பாடு எனக்குத் தெரியும் என்பதால் இந்தக் கடிதம். (வேலையில் நாங்கள் இன்டர்ஃபேஸ் என்றுதான் சொல்வோம், நீங்கள் அச்சிட்டபடி இடைமுகம் என்றே எழுதுகிறேன்.)

முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர் விவரம் தரும் சர்வீஸுக்கு ஒரு இடைமுகம் இருந்தது. பெயரைக் கொடு, முகவரியைக் கொடு, நிலுவையைக் கொடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மெத்தட், அதாவது கூப்பிடக்கூடிய ஒரு ஃபங்ஷன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கும். முதலில் அதற்குப் பின்னால் இருந்தது கூப்பிடும் நிரலுக்குள்ளேயே, அதே புராசஸில் ஓடிய ஒரு கிளாஸ், ஒரு அழைப்புக்கு நானோ நொடிக் கணக்கில்தான் நேரம் ஆகும், யார் கண்ணிலும் படவில்லை. அப்புறம் அந்த சர்வீஸைத் தொலைவில் இருந்த தனி சர்வருக்கு மாற்றினோம். கூப்பிடும் நிரலில் ஒரு வரி கூட மாறவில்லை என்று அதையே பெருமையாகப் பேசிக்கொண்டோம். பட்டியல் பக்கம் ஒன்றில் 200 பேர், ஆளுக்கு 3 அழைப்பு, ஆக 600, ஒன்று போய்வர 40 மில்லி நொடி. திரையில் எழுத்து வர 24 நொடி. சர்வரைப் பெரிதாக்கிப் பார்த்தோம், அசையவில்லை. எப்படி அசையும், கண்ணாடி இழைக்குள் ஒளியே ஒரு மில்லி நொடியில் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகிறது, தூரத்தைக் குறைக்கும் சர்வர் எங்கே விற்கிறது? கடைசியில் 'இந்த 200 வாடிக்கையாளர் எண்களுக்கும் பட்டியலுக்கு வேண்டியதை மட்டும் மொத்தமாகக் கொடு' என்று ஒரே மெத்தட் எழுதினோம். டேபிளில் எத்தனை நெடுவரிசை இருக்கிறது என்று பார்த்து மெத்தட் வெட்டியதுதான் முதல் தப்பு, கூப்பிடுகிறவர் எந்த வேலைக்காக வருகிறார் என்று பார்த்து வெட்டியிருக்க வேண்டும்.

சரி, வேகத்தையாவது பிற்பாடு சரி செய்துவிடலாம். பதில் வராமல் போவதை என்ன செய்வது?

அதே இடைமுகத்தில் 'இந்த வாடிக்கையாளர் இருக்கிறாரா' என்று ஒரு மெத்தட். பூலியன், ஆம் அல்லது இல்லை. பதிலே வராவிட்டால் என்ன சொல்வது என்பதற்கு அதில் இடமே கிடையாது, அதனால் பின்னால் எழுதியவர் வந்த எக்செப்ஷனை (ஏதோ தவறிவிட்டது என்று நிரல் எழுப்பும் அறிவிப்பு) பிடித்து 'இல்லை' என்று திருப்பிவிட்டார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை, இடைமுகம் அவருக்குக் கொடுத்தது இரண்டே சொல். ஒருநாள் நெட்வொர்க் பத்து நிமிடம் தடுமாறியது. அந்தப் பத்து நிமிடமும் வந்த பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் 'இல்லாதவர்கள்' ஆகிவிட, நிரல் தன் கடமையைச் செய்வதாக நினைத்து அவர்களுக்கெல்லாம் புதுக் கணக்கு தொடங்கிக் கொடுத்தது. இரட்டைக் கணக்குகளைத் தேடிச் சேர்க்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. 'இல்லை' வேறு, 'தெரியவில்லை' வேறு. அன்றிலிருந்து தொலை சர்வீஸுக்குப் போகும் எந்த மெத்தடிலும் வெறும் பூலியனைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

'கணக்கிலிருந்து தொகையைக் கழி' என்கிற மெத்தடில் இது இன்னும் மோசம். டைம்அவுட் ஆகிறது, அதாவது காத்திருக்கும் நேரம் முடிந்தும் பதில் இல்லை. கோரிக்கை போய்ச் சேரவே இல்லையா, சேர்ந்து சர்வர் பாதியில் விழுந்ததா, கழித்து முடித்த பிறகு பதில் மட்டும் தொலைந்ததா, இல்லை இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கிறதா? கூப்பிட்டவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நாலும் ஒன்றுதான். மறுபடி அனுப்பினால் இரண்டு முறை கழியலாம், அனுப்பாவிட்டால் ஒருமுறை கூடக் கழியாமல் போகலாம். இதற்குத் தெரிந்த வைத்தியம், கூப்பிடுகிறவரே ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் போட்டு அனுப்புவது. அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகக் கழிக்காமல் பழைய பதிலையே எடுத்துக் கொடுக்கும். ஆனால் அந்த எண் மெத்தடின் பாராமீட்டரில் முதல் நாளே இருக்க வேண்டும். ஒரே கணினியில் ஓடும் ஃபங்ஷனுக்கு இப்படி ஒரு எண் தேவைப்படாது, அதனால் 'எங்கே ஓடினால் என்ன' என்று நினைத்து எழுதுகிறவர் கைக்கு அது வரவே வராது.

இது நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை. ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஆண்ட்ரூ பிரெல்லும் புரூஸ் நெல்சனும் 1984-இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறைக்கு மூலம். சாதாரண அழைப்பைப் போலவே இருக்க வேண்டும் என்று விரும்பிய அவர்களே, அழைப்பு தோற்றால் எழுப்புவதற்கென்று ஒரு தனி எக்செப்ஷன் வைத்திருந்தார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜிம் வால்டோவும் உடன் இருந்தவர்களும் 1994-இல் இன்னும் வெளிப்படையாக எழுதினார்கள்: தாமதம், நினைவகத்தை அணுகும் விதம், ஒரு பகுதி மட்டும் செயலிழப்பது, ஒரே நேரத்தில் பல வேலை நடப்பது, இந்த நாலிலும் உள்ளூர்ப் பொருளும் தொலைப் பொருளும் வேறு வேறு, ஒன்றாகப் பூசி மறைக்கப் பார்க்காதீர்கள் என்று. அதே நிறுவனத்தின் ஜாவாவில் 1997-இல் வந்த ஆர்எம்ஐ என்ற தொலை அழைப்பு வசதி, தொலை மெத்தட் ஒவ்வொன்றும் ரிமோட் எக்செப்ஷன் வரலாம் என்று அறிவித்தே ஆக வேண்டும் என்றது. எழுதுகிறவர்களுக்கு அது பெரிய எரிச்சல், நானே எத்தனையோ இடத்தில் வெற்று கேட்ச் போட்டு, அதாவது எக்செப்ஷனைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விட்டு, தப்பித்திருக்கிறேன். இருந்தாலும் அது பொய் சொல்லவில்லை.

அதற்காக விவரங்களை மறைக்கும் அருவ இடைமுகமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மறைக்க வேண்டியது நிறைய இருக்கிறது: சர்வரின் முகவரி, பைட்டுகள் போகிற வடிவம், உள்ளே இருப்பது ஜிஆர்பிசி என்ற ஆர்பிசி மென்பொருளா வேறா என்பது எல்லாம். ஜிஆர்பிசியோடு வழக்கமாக வரும், தகவலைப் பைட்டுகளாக்கும் புரோட்டோபஃப் உருவாக்கித் தரும் கிளாஸ்களை நிரல் முழுக்கப் பரவவிட்டவர்கள், பிறகு ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றக்கூடப் படும் அவஸ்தையைப் பார்த்திருக்கிறேன். அதைச் சுற்றி நம் வேலைக்கு ஏற்ற பெயர்களோடு ஒரு மெல்லிய இடைமுகம் போடுவது நல்லதே. நேரம் ஆகும், தோற்கலாம், நடந்ததா என்று தெரியாமலும் போகலாம் என்கிற மூன்றை மட்டும் அதற்குள் புதைக்காதீர்கள். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதும் அப்படித்தான். ஜிஆர்பிசியில் நாமாக டெட்லைன் வைக்காவிட்டால் கிளையன்ட் காலவரையின்றிக் காத்திருக்கக்கூடும், இதைப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் கவனிப்பதில்லை.

டெஸ்ட் எழுத வசதியாக இருக்கும் என்று கட்டுரையில் சொன்னது உண்மை. பின்னால் ஒரு போலி சர்வீஸை வைத்து ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அந்தப் போலி எப்போதும் உடனே, சரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அதை வைத்து என்ன தெரியும்? நாங்கள் பிற்பாடு எழுதிய போலி சர்வீஸ் பத்து அழைப்பில் ஒன்றுக்கு வேண்டுமென்றே பதில் தராது, இன்னொன்றுக்கு வேலையை முடித்துவிட்டுப் பதிலை விழுங்கிவிடும். முதல் வாரமே எங்கள் நிரலில் தொகை இரண்டு முறை கழிகிற இடம் மூன்று சிக்கியது.

அடுத்த வாரம் இதன் இரண்டாம் பகுதி என்று போட்டிருக்கிறீர்கள். அதில் டைம்அவுட்டுக்கும் மறு முயற்சிக்கும் ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள். முதல் பகுதியில் வந்த படத்தில் இரண்டு பெட்டிகளையும் ஒட்டி வைத்து வரைந்திருந்தார்கள், நடுவில் நெட்வொர்க்குக்கு ஒரு கோடாவது போட்டு மறுபடி அச்சிட முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
நிரல் எழுதும் வாசகர் ஒருவர்