பொட்டோடு வா

கிளிநொச்சி,
ஞாயிறு பின்னேரம்

அன்புத் தோழிக்கு,

உன் செய்தியை நேற்றிரவு மூன்று தரம் வாசித்தேன். போனில் நாலு வரியில் பதில் போட்டிருக்கலாம், ஆனால் நீ கேட்டது நாலு வரிக்குள் அடங்காது. "ஒருக்கா உன்ர சேர்ச்சுக்கு வந்து பார்க்கட்டோ, அங்க என்னை என்ன கேட்பினம்?" என்று எழுதியிருந்தாய். இத்தனை வருடத்தில் நான் உன்னை ஒரு நாளும் கூப்பிடவில்லை, காரணம் உனக்கும் தெரியும். முகாமில் இருந்து ஊர் திரும்பிய புதிதில், அரிசி பருப்புப் பொதியோடு உன் வீட்டுக்கு வந்த ஒரு கூட்டம் பொட்டை அழிக்கச் சொன்னதையும், சாமிப் படத்தைக் கும்பிட்டதால்தான் உன் தம்பி காணாமல் போனான் என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னதையும் நீ அழுதழுது சொன்ன நாள் எனக்கு மறக்கவில்லை. அவர்களும் என் ஆண்டவரின் பெயரைச் சொல்லித்தான் வந்தார்கள். அந்த வெட்கத்தில்தான் நான் வாய் திறக்கவில்லை. இப்போது நீயாகக் கேட்கிறாய், எல்லாவற்றையும் சொல்கிறேன்.

முதலில் உடுப்பு. வெள்ளைச் சாரி தேடி அலையாதே, நீ வேலைக்குப் போகிற சட்டையே போதும். பொட்டோடு வா, காலையில் பூசிய விபூதி நெற்றியில் இருந்தாலும் அப்படியே வா. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தால் முன்னுக்கு வாங்குகள், பின்னுக்குப் பாய் விரித்திருக்கும். பாயில் இருப்பது பெரும்பாலும் கைக்குழந்தைக்காரர். அங்கே இருந்தால் நடுவில் எழும்பி வெளியே போவதும் சுகம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வாசலில் ஒரு அக்கா பாட்டுப் புத்தகம் தருவா, பெயர் கேட்பா. "எவடம்?" என்று கேட்க மாட்டா. அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஊரைச் சொன்னால் குறிச்சியைக் கேட்பார்கள், குறிச்சியைச் சொன்னால் யாருடைய பிள்ளை என்பார்கள், கடைசியில் சாதியில் வந்து நிற்கும். போதகர் வந்த முதல் வருடமே சபைக் கூட்டத்தில் இதை எடுத்து, புதிதாக வருகிறவரிடம் இந்தக் கேள்வி வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டார். வயதான ஒரு ஐயாவுக்கு மட்டும் இன்னும் பழக்கம் விடவில்லை, "பிள்ளை எவ..." என்று தொடங்கி "எப்படிச் சுகம்?" என்று முடிப்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

ஆராதனை ஒன்றரை மணித்தியாலம். பாட்டு, பாவ அறிக்கை, வேத வாசிப்பு, பிரசங்கம் என்று போகும். எழும்பச் சொன்னால் எழும்பலாம், இருக்கவும் செய்யலாம், மனம் ஒத்துக்கொள்ளாத வார்த்தையை நீ சொல்ல வேண்டியதில்லை. காணிக்கைப் பை வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடு.

நீ கட்டாயம் இருக்கவேண்டும் என்று நான் நினைக்கிற நேரம் ஒன்று உண்டு, மன்றாட்டு. போதகர் நோயாளருக்கும் மழைக்கும் வயலுக்கும் ஜெபித்துவிட்டு நிறுத்துவார். பிறகு யாருக்கும் யாருடைய பெயரையும் சொல்லலாம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 2017 பெப்ரவரி 20 இல் கந்தசுவாமி கோவிலடியில் போராட்டத்தில் போய் இருந்த தாய்மாரில் ஒருவர் எங்கள் சபைக்காரி. மகனின் பெயரைச் சொல்லி, "பசி கிடக்கமாட்டான், சாப்பாடு கிடைக்கட்டும் ஆண்டவரே" என்பார். கிழமைக்குக் கிழமை அதே வார்த்தை. உயிரோடு இருப்பவருக்கான ஜெபமா, இறந்தவருக்கான ஜெபமா என்று அங்கே யாரும் பிரிப்பதில்லை, யாரும் அவருக்கு ஆறுதல் வசனம் எடுத்துக் கொடுப்பதும் இல்லை. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது, வெளியே ஏ9 வீதியில் போகிற பஸ் மட்டும் கேட்கும். உன் தம்பியின் பெயரை அங்கே நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், நீ கோபிக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

அது முடிய சமாதானம் பகிர்வோம். பக்கத்தில் இருப்பவர் தன் வலது உள்ளங்கையை உன் வலது உள்ளங்கையில் வைத்து, இடது கையால் உன் கையை மூடுவார், நீயும் அப்படியே செய்து அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும். அங்கிலிக்கன், மெதடிஸ்த என்று பிரிந்து கிடந்த சபைகள் 1947 செப்டெம்பர் 27 இல் சென்னையில் ஒன்றுசேர்ந்துதான் தென்னிந்தியத் திருச்சபை உண்டானது, 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனின் வழிவந்த எங்கள் ஆதீனமும் (ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அதற்குள் வந்தது. 1950 இல் வந்த வழிபாட்டு முறையில் இந்தச் சமாதானம் பகிர்தலைச் சேர்த்தார்கள், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்து எடுத்த வழக்கம் அது. தொடுவது உனக்குச் சங்கடம் என்றால் கைகூப்பினால் போதும்.

இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து நாளாக இருந்தால், "இது ஆண்டவருடைய மேசை, வர விரும்புகிற எவரும் வரலாம்" என்று போதகர் சொல்வார். எல்லாச் சபையிலும் இப்படி இல்லை, ஞானஸ்நானம் எடுத்தவருக்கு மட்டும் என்பதுதான் பழைய முறை. நீ போகலாம், பாயிலேயே இருக்கலாம், அல்லது கையை நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொண்டு போனால் ஆசீர்வாதம் மட்டும் தருவார்கள்.

எங்கள் சபையை முற்போக்குச் சபை என்கிறார்களே, முற்போக்கு என்றால் என்ன என்றும் கேட்டாயே. வேதத்தைப் பயமில்லாமல் கேள்வி கேட்டு வாசிக்கிற இடம் என்றுதான் நான் சொல்வேன். போன மாதம் மாற்கு 7 ஆம் அதிகாரம் பிரசங்கம். தன் மகளுக்காக வந்த அந்நிய தேசத்துப் பெண்ணிடம், பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்று இயேசு சொல்கிறார், மேசைக்குக் கீழே நாய்க்குட்டிகளும் துணிக்கைகளைத் தின்னுமே என்று அவள் திருப்பிச் சொல்கிறாள், அந்தச் சொல்லுக்காகவே மகள் சுகமாகிறாள். வேறு சமயத்துப் பெண் ஒருத்தியின் வாயால் ஆண்டவரே மனம் மாறினார் என்றால் நாங்கள் யாரிடம் கற்க மறுக்கிறோம் என்று போதகர் கேட்டார். எனக்கு உன் அம்மாவின் முகம்தான் வந்தது.

எல்லோருக்கும் இது பிடிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். திருநங்கை ஒருவர் எங்கள் பாடற்குழுவில் சேர்ந்தபோது இரண்டு குடும்பம் வருவதை நிறுத்தியது. அதில் ஒன்று என் சொந்தம், இன்றைக்கும் எனக்கு அது நோகிறது. ஆனால் மூன்று ஞாயிறு கதவடியில் நின்றுவிட்டுப் போன அந்தப் பிள்ளை நாலாம் ஞாயிறு உள்ளே வந்து பாடியதைப் பார்த்தவள் நான். அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. கணவனை விட்டு வந்தவள் என்று உன்னை ஊர் சொல்கிறதே, அதையும் அங்கே யாரும் விசாரிக்கமாட்டார்கள்.

முடிய பிளேன்ரீயும் வடையும் உண்டு, மதம் மாறச் சொல்லி யாரும் பின்னால் வரமாட்டார்கள். ஒருமுறை வந்துவிட்டு இனி வரவில்லை என்றாலும் நீ என் தோழிதான்.

வருகிற மாதம் முதல் ஞாயிறு அறுவடை நன்றி ஆராதனை. உங்கள் வீட்டில் தைப்பூசத்துக்குப் புதிர் எடுக்கிறதைப்போல எங்களுக்கும் காலபோகத்துப் புது நெல் முன்னால் வரும், பூசணி, கத்தரி, ஒரு சேவல்கூட வரும், பிறகு முற்றத்தில் ஏலம் போடுவோம். அன்றைக்கு வாவேன். புதுக்குடியிருப்பில் பஸ் எடுத்துப் பரந்தன் சந்தியில் இறங்கிப் போன் எடு, நான் ஓட்டோவோடு நிற்பேன். உன் வளவு முருங்கையில் ஒரு கட்டுக் காய் பிடுங்கிக்கொண்டு வா, அதையும் ஏலத்தில் வைப்போம்.

உன் பழைய வாங்குத் தோழி