காட்டுத் தைமும் கற்பூரவள்ளியும்

ஆசிரியருக்கு,

மாணவர் செயற்றிட்டங்களில் ஐரோப்பிய மூலிகையான காட்டுத் தைமின் எண்ணெயிலுள்ள கூறுகளின் சதவீதங்களை நம்மூர்க் கற்பூரவள்ளிக்கு அப்படியே எழுதிவிடுகிறார்கள். இரண்டும் துளசிக் குடும்பம்தான். தைமோல், கார்வக்ரோல் என்ற மணச்சேர்வைகள் இரண்டு செடியிலும் வரலாம். ஆனால் காட்டுத் தைமிலேயே ஓரிடத்துச் செடியில் கார்வக்ரோல் மிகுந்திருக்கும், வேறிடத்தில் ஜெரானியோல், லினலூல் போன்ற வேறு மணச்சேர்வைகள் முந்தும். எண்ணெயின் கூறுகளைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பதிவு எடுக்காமல் சதவீதம் எழுதுவது வெறும் ஊகம்.

கற்பூரவள்ளி இலை சதைப்பற்றானது, பெரும்பகுதி தண்ணீர். 100 கிராம் பச்சை இலையைக் காய்ச்சி வடித்தால் சில துளி எண்ணெய்தான் வரும். அவையும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கிலோவாவது எடுங்கள். நிழலில் வாட்டுங்கள், மட்டக்களப்பு வெயிலில் போட்டால் எண்ணெய் இலையிலிருந்தே பறந்துவிடும்.

எண்ணெய் தோய்த்த சிறு காகித வட்டைப் பற்றீரியா வளரும் ஏகார் கூழ்த் தட்டில் வைத்துப் பார்க்கும் சோதனையில்தான் பிழைகள் அதிகம். தைமோலும் கார்வக்ரோலும் பற்றீரியாவின் கலமென்சவ்வைக் குலைத்து உள்ளிருப்பதைக் கசியவிடுகின்றன. ஆனால் ஏகார் நீர்த்தன்மையானது. எண்ணெய் அதில் சரியாகப் பரவாது. வீரியமான எண்ணெய்க்கும், பற்றீரியா வளராத தெளிவுவட்டம் சிறிதாகத் தெரிவது அதனால்தான். எண்ணெயை நீரோடு கலக்கவைக்கும் டுவீன் 80 சிறிது சேர்த்து, டுவீன் மட்டும் உள்ள வட்டையும் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். அதை வேறு தட்டில் வையுங்கள், எண்ணெய் ஆவியே பக்கத்து வட்டைக் கெடுக்கும். தட்டு கண்ணாடியாக இருக்கட்டும். கலப்பற்ற எண்ணெய் பொலிஸ்ரைரீன் பிளாஸ்டிக் தட்டைக் கரைக்கும்.

பெரிய வட்டம் வந்தால் மருந்து கண்டுபிடித்ததாக அர்த்தமில்லை. கலப்பற்ற எண்ணெய் தோலைச் சுடும். பூசுவதானால் 100 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய்க்கு 1 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். குழந்தைகளுக்கு அதுவும் வேண்டாம்.

விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர்,
களுவாஞ்சிகுடி