பாசிப் பட்டைக்குப் பசை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெற்றுக் குர்தியை எடுப்பாகக் காட்ட, பாசிமணி வைத்த கழுத்துப்பட்டை செய்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு குறிப்பு வந்திருந்தது. யோசனை நல்ல யோசனைதான். கழற்றி மாட்டும் பட்டை ஒன்று இருந்தால் நான்கு குர்திகளுக்கு மாற்றிப் போடலாம். குர்தியைத் துவைக்கப் போடும்போது பாசி நனையாது. ஆனால் குறிப்பில் சொன்னபடி துணிப் பசையால் ஒட்டி, தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நரம்பில் கோத்து, இரும்புக் கொக்கி வைத்தால் இந்தக் கரையில் அது ஒரு மழைக்காலம் தாங்காது. மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் தையல் சொல்லிக்கொடுக்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

முதலில் பசை. வியர்வையும் உப்புக் காற்றும் பட்டால் அது விறைத்துப் பழுப்பேறும். பிறகு ஒன்றிரண்டு மணியாக உதிரத் தொடங்கும். உதிர்ந்த இடத்தைத் தைத்துச் சரி செய்யலாம் என்றால், பசை மணியின் துளைக்குள் இறங்கி உறைந்திருப்பதால் ஊசி நுழையாது. தங்கூசி நரம்பு நம் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும், வலுவும் உண்டு. ஆனாலும் துணியில் தைக்க அது ஆகாது. வழுவழுப்பால் முடிச்சு அவிழும், வெட்டிய நுனி நாளெல்லாம் கழுத்தில் குத்தும். ஒற்றைச் சரத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். தைப்பதற்குப் பாலியஸ்டர் அல்லது நைலான் நூல்தான் சரி. பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். தேன்மெழுகுக் கட்டியில் நூலை இரண்டு முறை இழுத்தால் சிக்கு விழாது, கண்ணாடி விளிம்பில் உரசி அறுவதும் குறையும்.

அளவுக்கு வருவோம். குர்தியைப் போட்டுக்கொண்டு கழுத்தில் செய்தித்தாளை வைத்து, வளைவை அதிலேயே வரைந்து வெட்டுங்கள். முன்கழுத்துக்கு மட்டும் போதும். உள்வளைவு 24 சென்டிமீட்டர், நடுவில் அகலம் 4 சென்டிமீட்டர், இரு ஓரமும் கூர்ந்து முடியும் பிறை வடிவம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். கடையில் சுகர் பீட்ஸ் என்று கேட்டால் கிடைக்கும் 11 ஆம் எண் கண்ணாடி மணி சுமார் 2 மில்லிமீட்டர் குறுக்களவு. ஒரு சென்டிமீட்டர் வரிசைக்கு ஏறக்குறைய 7 மணி பிடிக்கும். பிறை முழுவதையும் நிரப்ப எல்லா வரிசையும் சேர்த்து இரண்டரை மீட்டர் வரும், அதாவது 1,750 மணி. 20 கிராம் வாங்கினால் உடைசல், கோணல் போக மிஞ்சும். 10 ஆம் எண் பாசி ஊசி ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், வளையாமல் இருக்காது. நூல் 10 மீட்டர் போதும். ஒரு தடவைக்கு ஒரு கை நீளத்துக்கு மேல் கோக்கவேண்டாம்.

அடித்துணிக்குத் தையற்கடை கேன்வாஸ், அதன் மேல் குர்தியின் நிறத்தில் பருத்தித் துணி. வடிவத்தை வரைந்துகொள்ளலாம், ஆனால் வெட்டக்கூடாது. தைத்து முடிக்கும்வரை துணி சதுரமாகவே பூத்தையல் ஃபிரேமில் இருக்கட்டும். முன்கூட்டியே வெட்டினால் ஓரம் பிரிந்து, கடைசி இரண்டு வரிசைக்குப் பிடிமானமே இல்லாமல் போகும்.

இனி தையல். வேலையின் தரம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஊசியை அடியிலிருந்து மேலே எடுத்து நான்கு மணி கோத்து, அவற்றைக் கோட்டின் மேல் படுக்கவைத்து, நான்காவது மணி முடியும் இடத்திலேயே ஊசியைக் கீழே இறக்கவேண்டும். பிறகு இரண்டாவது மணிக்கும் மூன்றாவது மணிக்கும் நடுவில் மேலே வந்து, மூன்றையும் நான்கையும் மறுபடி ஊடுருவி, அடுத்த நான்கைக் கோக்கவேண்டும். ஊசி அரை மணி முன்னதாக இறங்கினால் மணிகள் இடமில்லாமல் முதுகு வளைத்து எழும்பும். அரை மணி தள்ளி இறங்கினால் நடுவே நூல் பல்லிளிக்கும். நூலை மணிகள் படுக்கும் அளவுக்கே இழுங்கள். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால், ஃபிரேமிலிருந்து எடுத்ததும் பட்டை அப்பளமாகச் சுருண்டுகொள்ளும். வளைவு கூடும் இடத்தில் நான்குக்குப் பதில் இரண்டிரண்டாகக் கோக்கலாம். வெளிக்கோட்டை முதலில் முடித்து உள்ளே வாருங்கள். பெரிய முத்து வைப்பதாக இருந்தால் அதற்கும் முன்பே வைத்துவிட வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை அடிப்பக்கம் முடிச்சுப் போட்டால், எங்கோ நூல் அறுந்தாலும் அந்தத் துண்டு மட்டும்தான் உதிரும்.

முடிந்தபின் ஓரம் அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி, உள்ளே மடித்து, பின்னால் பழைய வேட்டித் துணி வைத்துச் சுற்றித் தைத்துவிடலாம். கழுத்தில் உறுத்தாது.

மாட்டுவதற்கு இரும்புக் கொக்கியோ உலோக டிச் பட்டனோ வைத்தால் துருக்கறை குர்தியில் இறங்கும், வெள்ளைத் துணி என்றால் அதோடு சரி. பிளாஸ்டிக் டிச் பட்டன் ஐந்து போதும். குமிழ் உள்ள பாதியைப் பட்டையில் தைத்து, குமிழில் சாக்குக்கட்டியைத் தேய்த்து குர்தி மேல் அழுத்துங்கள். புள்ளி விழும் இடத்தில் குழி உள்ள பாதியைத் தைத்தால் கோணாது.

மணி வாங்கியதும் பத்தை எடுத்து வெள்ளைத் துணியில் முடிந்து, சோப்புத் தண்ணீரில் ஓரிரவு போட்டுவையுங்கள். சாயம் இறங்கினால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். உள்ளே வெள்ளி பூசிய மணி கடையில் பளபளக்கும், ஈரக்காற்றில் நாளாக ஆகக் கருக்கும். விசேஷத்துக்கு ஆசைப்பட்டு அதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு ஒருநாள் போட என்றால் சரி, வருஷக்கணக்கில் உழைக்க வேண்டுமென்றால் நிறக் கண்ணாடி மணியே மேல். போட்டுக் கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, மடிக்காமல் வைக்கவேண்டும்.

கரையில் பொறுக்கும் சோழி, சிப்பி சேர்த்துத் தைப்பவர்கள் அவற்றை நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றவேண்டும். உப்பு மிச்சமிருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். துளை போட்ட விளிம்பு கத்தி போன்றது, உப்புத்தாளை நனைத்துத் தேய்த்துவிட்டே கோக்கவேண்டும். காய்ந்தபடி தேய்த்தால் தூள் நெஞ்சுக்குள் போகும். பவளத் துண்டும் கடல் விசிறி என்ற விசிறி வடிவப் பவள வகையும் அழகுதான், ஆனால் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001 இல் சேர்க்கப்பட்டவை அவை. ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்கவேண்டாம்.

அடுத்த முறை இப்படிப்பட்ட குறிப்பு போடும்போது வடிவத்தை முழு அளவில் அச்சிடக் கேட்டுக்கொள்கிறோம். இந்த முறை வந்த படம் தீப்பெட்டி அளவே இருந்தது. நூலின் வகை, ஊசி எண், மணியின் எடை மூன்றையும் சேர்த்துப் போட்டால் கடைக்குப் போகிறவர்கள் ஒரே நடையில் வாங்கி வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
கைத்தையல் கற்பிப்போர் சிலர்,
இராமநாதபுரம் மாவட்டம்