சனிக்கிழமை அளவீடு: எந்தப் பளிங்கு?
எல்லாருக்கும் வணக்கம். இம்முறை பளிங்கைக் குளிர்விக்கக் கையில் திரவ நைதரசன் மட்டுமே, 77 கெல்வின். மங்கனீஸ் பிஸ்மத் தெலூரைட் இடத்தியல் காந்தம்தான் (இலத்திரன் நிலைகளின் இடத்தியலால் மேற்பரப்பில் சிறப்பு நிலைகள் கொண்ட காந்தப் பொருள்), ஆனால் அதன் காந்த ஒழுங்கு ஏறத்தாழ 25 கெல்வினுக்குக் கீழேதான் வரும். ஹீலியம் இல்லாமல் சரிவராது. எனவே குரோமியம் சல்பைட் புரோமைட் எடுப்போம் (இதன் காந்த ஒழுங்கு 132 கெல்வினுக்குக் கீழேயே வந்துவிடும்). இது இடத்தியல் பொருள் அல்ல, என்றாலும் ஒளியும் காந்தமும் பிணைவதை அழகாகக் காட்டும்.

நிறமாலையில் எக்ஸிடோன் (பிணைந்த இலத்திரன்-துளைச் சோடி) கோடு 910 நனோமீற்றர் அருகே. துண்டின் நீள்பக்கம் பளிங்கின் ஏ அச்சு. முனைவாக்கியை (ஒளியின் ஓர் அதிர்வுத் திசையை மட்டும் விடும் வடிகட்டி) அதற்குச் செங்குத்தாக, பி அச்சில் வையுங்கள். 90 பாகை மாறினால் கோடு மறையும், பளிங்கு பழுதென்று எறிந்துவிடாதீர்கள். தடித்த துண்டில் பல கோடுகள் தெரிந்தால் அவை போலாரிட்டன் (ஒளியும் எக்ஸிடோனும் கலந்த நிலை) கிளைகள்.

கொழும்பு ஈரப்பதனில் குளிராக்கியின் யன்னலில் நீர் படிந்தால் ஒளி சிதறும். குளிராக்கியை அறை வெப்பநிலைக்கு வந்தபின்பே திறக்கவும்.