தமிழ்ச் செய்தி அலைவரிசையும் அரைமணிக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் தமிழ் பேசுவோருக்கென 24 மணிநேரச் செய்தித் தொலைக்காட்சி ஒன்று உடனடியாக வேண்டும் என்றும், கேபிள் வழியாகவும் டிஷ் வழியாகவும் கொடுத்துவிட்டால் அது வீடுவீடாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்றும் சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவருடைய கடிதம் கலையகம், கமெரா, முதலீடு, அனுமதிப்பத்திரம் என்றே போயிற்றேயன்றி, அந்த 24 மணிநேரத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்ற கேள்வி அதில் ஓரிடத்திலும் எழவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலச் செய்தியையும் சிங்களச் செய்தியையும் தமிழாக்கும் மேசையில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவன் என்பதால், பேச்சை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, வெள்ளவத்தையில் நான் வழக்கமாகப் போகும் சலூனில் முடிவெட்டக் காத்திருந்தேன். சுவரில் தொலைக்காட்சி, பொலித்தீன் உறைக்குள் இறப்பர் வளையம் போட்ட ரிமோட் கண்ணாடிக்கு முன்னால் கிடந்தது. சென்னை அலைவரிசை ஒன்றில் ஆறு பெட்டிகளுக்குள் ஆறு முகங்கள் ஒரே நேரத்தில் கூட்டணி பற்றிக் கத்திக்கொண்டிருக்க, கீழே ஓடிய வரியில் சென்னையின் தங்க விலை போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் கைத்தொலைபேசியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் பதுளை மாவட்டத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறார். இரண்டு நாளாக அங்கே விடாத மழை. அவர் கேட்டதன்பேரில் உள்நாட்டு அலைவரிசை ஒன்றுக்கு மாற்றினார்கள். அதில் நாடகம் ஓடியது. அடியில் சிங்கள வரி ஒன்று ஊர்ந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். தாயார் இருக்கும் பிரதேச செயலகப் பிரிவுக்குச் சிவப்பு நிற மண்சரிவு அறிவித்தல் விடுக்கப்பட்டிருப்பதாக அதில் இருந்தது. சொன்னேன், அவர் முடிவெட்டாமலே எழுந்து வெளியே போய்த் தொலைபேசியில் கதைத்தார்.

அதே அறிவித்தல் தமிழில் வந்தபோது ஏறத்தாழ நாற்பது நிமிடம் கழிந்திருந்தது. எனக்கு முடிவெட்டி முடித்துத் துணியை உதறிக்கொண்டிருந்தார்கள். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் வெளியேறிவிட வேண்டும் என்பதே இந்த அறிவித்தல்களின் ஒழுங்கு. தமிழ் வரியோ சிவப்பு என்று சொல்லிவிட்டு, மக்கள் “வெளியேறத் தயாராக இருக்குமாறு” கேட்டுக்கொண்டது. ஒரு சொல்தான் கூடியிருந்தது. நள்ளிரவில் அந்தச் சொல்லை நம்பி மூட்டையைக் கட்டிவைத்துவிட்டுப் படுத்திருக்கக்கூடியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அறிந்த எவருக்கும் இது வெறும் இலக்கணப் பிழையாகத் தெரியாது.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். நாள் முழுவதும் செய்தி என்பதைத் தொலைக்காட்சியில் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் சி.என்.என். 1980 ஜூன் 1 ஆம் திகதி அட்லாண்டாவில் தொழிலதிபர் டெட் டேர்னர் அதைத் தொடங்கியபோது, அது போய்ச் சேர்ந்த வீடுகள் ஏறத்தாழ 17 இலட்சம் மட்டுமே. அதற்கான பணத்துக்காகச் சார்லட் நகரில் தமக்கிருந்த தொலைக்காட்சி நிலையத்தை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்கு 2 கோடி டொலருக்கு அவர் விற்றிருந்தார். கேபிள் நடத்துநர் வீடொன்றுக்கு மாதம் இத்தனை சதம் என்று அலைவரிசைக்குக் கொடுப்பதும், விளம்பர வருமானம் தனியாக வருவதுமாகிய இரட்டை வருவாயே அந்த முயற்சியைத் தூக்கி நிறுத்தியது. (நம் வீட்டுக்கு வரும் மாதாந்தப் பட்டியலில், நாம் கட்டும் பணத்தில் எந்த அலைவரிசைக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு வரியும் இருப்பதில்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.)

சி.என்.என். பற்றிப் பலருக்கும் தெரியும். அதனுடைய தம்பியைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். டேர்னரின் நிலையத்தை வாங்கிய அதே வெஸ்டிங்ஹவுஸ், ஏ.பி.சி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்துடன் சேர்ந்து சுருக்கச் செய்திக்கென்றே போட்டி அலைவரிசை ஒன்றைத் தொடங்கப்போவதாக அறிவித்தது. அதை முந்துவதற்காக 1982 ஜனவரி 1 பிறக்கும் வேளையில் டேர்னர் சி.என்.என்.2 என்ற இரண்டாவது அலைவரிசையைத் திறந்தார்; பின்னர் அது ஹெட்லைன் நியூஸ் என்று பெயர் பெற்றது. போட்டிக்காரர்கள் 1982 ஜூனில் வந்தார்கள். 1983 ஒக்டோபரில் அவர்களுடைய அலைவரிசையை டேர்னர் 2.5 கோடி டொலருக்கு வாங்கி மூடிவிட்டார். நிலையத்தை விற்று வந்த காசில் ஒரு பங்கு சுற்றிக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பியது என்று சொல்ல வேண்டும்.

அந்த ஹெட்லைன் நியூஸ் எப்படி ஓடியது என்பதுதான் நமக்குப் பாடம். அதற்கு நிகழ்ச்சி நிரல் என்று நீளமாக ஒன்றும் கிடையாது. அரைமணி நேரம் கொண்ட ஒரு சக்கரம் மட்டுமே இருந்தது. மணி அடித்ததும் உள்நாட்டு, உலகச் செய்திகள். கால்மணி கடந்ததும் வணிகம். இருபதாவது நிமிடமளவில் விளையாட்டு. கடைசி ஐந்து நிமிடத்தில் கலையும் வாழ்க்கைமுறையும். அரைமணி முடிந்ததும் புதுச் செய்திகளைச் சேர்த்துக்கொண்டு சக்கரம் மறுபடி தொடங்கும். வேலைக்குப் போகிறவரும் விமான நிலையத்தில் காத்திருப்பவரும் எந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தாலும், ஆகக்கூடியது அரைமணிக்குள் அன்றைய உலகம் முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து போகலாம். தமக்கு வேண்டியது எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்பதும் பார்ப்பவருக்குத் தெரியும். மருந்துக் கடை போல எந்தத் தட்டில் எது இருக்கும் என்ற நிச்சயம் அது.

இன்னொன்றும் அதில் இருந்தது. அதையே நான் மிகவும் மெச்சுகிறேன். அரைமணியின் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தை உள்ளூர் கேபிள் நடத்துநர்களும் நிலையங்களும் தங்கள் ஊர்ச் செய்தியைச் செருகிக்கொள்ளத் திறந்துவிட்டிருந்தார்கள். அட்லாண்டாவிலிருந்து வந்த செய்தியோடு, பார்ப்பவரின் சொந்த ஊர்த் தெருவும் பாடசாலையும் அதே அரைமணிக்குள் வந்து சேர்ந்தன. செருகாத ஊர்களில் பொதுப் பகுதி அப்படியே போகும். யாருக்கும் நட்டமில்லை.

இந்தச் சக்கரம் எப்படி உடைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2005 அளவில் மாலை நேரத்தை வாதப் பேச்சு நிகழ்ச்சிகளுக்குக் கொடுத்தார்கள். குற்ற வழக்குகளைப் பற்றி உரத்த குரலில் பேசுவது பார்வையாளரைக் கூட்டியது. 2011 இல் ஒரு கொலை வழக்கின் விசாரணையை நாட்கணக்கில் காட்டிப் பெருங்கூட்டத்தைச் சேர்த்தார்கள். வழக்கு முடிந்த பிறகும் கூட்டத்தைப் பிடித்துவைக்க அடுத்த வழக்கு தேவைப்பட்டது. பிறகு பழைய குற்றப் புலனாய்வுத் தொடர்களின் மறு ஒளிபரப்பே பெரும்பகுதியாயிற்று. 2022 டிசம்பரில் அதன் சொந்த நேரடி நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. செய்திச் சுருக்கத்துக்கென்றே பிறந்த அலைவரிசை, தனக்கென்று செய்தி வாசிப்பவர் ஒருவரும் இல்லாமல் ஓடும் நிலைக்கு வந்தது.

மேசை விவாதம் ஏன் எல்லாவற்றையும் விழுங்குகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. நான்கு கதிரை, நான்கு பேருக்குத் தேநீர், வருவோருக்குப் போக்குவரத்துச் செலவு, நெறியாளர் ஒருவர். ஒரு மணிநேரம் நிரம்பிவிடும். அதே ஒரு மணிநேரத்தைச் செய்தியால் நிரப்ப, பதுளைக்கு ஒரு வாகனம், மட்டக்களப்புக்கு ஒரு வாகனம், கமெராக்காரர், நிருபர், அவர்கள் தங்கும் அறை, படத்தை அனுப்பும் இணைப்பு, பிறகு கொழும்பில் அதைத் தொகுத்து மொழி பார்க்க ஓர் ஆசிரியர் என்று பட்டியல் நீளும். கணக்காளர் எதைத் தெரிவு செய்வார் என்று சொல்ல வேண்டுமா? சி.என்.என். உலகப் பெயர் எடுத்தது கதிரைகளால் அன்று. 1991 ஜனவரியில் பக்தாத் மீது குண்டுகள் விழத் தொடங்கிய இரவில், அல் ரஷீத் ஹொட்டல் அறையிலிருந்து அதன் செய்தியாளர்கள் மூவர் தொலைபேசி இணைப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். நேரடிப் படம்கூட இல்லை, வெறும் குரல். ஆட்கள் அந்த இடத்தில் இருந்தார்கள் என்பதே அந்த ஒளிபரப்பின் முழுப் பெறுமதியும்.

தமிழ்நாட்டு அலைவரிசைகளை நான் குறை சொல்ல வரவில்லை. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கிய நாள்முதல் நம் வீடுகளில் அவர்களுக்கு ஓர் இடம் உண்டு. 2011 இல் புதிய தலைமுறை வந்தபோது செய்தி வாசிப்பில் ஒரு புது நிதானம் தெரிந்தது என்றும் சொல்வேன். அவர்களுக்குச் சென்னை மழை முக்கியம். அது அவர்களுடைய கடமை. களனி கங்கையின் நீர்மட்டத்தை நாகலகம் வீதியில் யார் அளக்கிறார்கள் என்று அவர்கள் ஏன் தெரிந்துவைத்திருக்க வேண்டும்? ஆனால் கொழும்பிலுள்ள தமிழ் வீடுகளில் அன்று மாலை ஓடிக்கொண்டிருந்தது பெரும்பாலும் எது என்று நம் மனச்சாட்சிக்குத் தெரியும்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1979 இல் ஐ.ரி.என். மூலம் வந்தது, ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. தமிழுக்கென 1998 இல் சக்தியும் 2009 இல் வசந்தமும் வந்தன, நேத்ரா இருக்கிறது. இவற்றில் வேலை செய்யும் பிள்ளைகளின் திறமையில் எனக்கு ஐயமில்லை. தமிழ்ச் செய்திக்கு ஒதுக்கப்படும் குறித்த நேரங்களுக்கு இடையில் ஏதாவது நடந்துவிட்டால், அதைச் சொல்ல இடம் இருப்பதில்லை. அந்த இடைவெளியை அடியில் ஊரும் வரி ஒன்று, அவசரத்தில், சிங்கள மூலத்திலிருந்து, ஒருவரும் மறுமுறை வாசித்துப் பாராமல் நிரப்புகிறது. இதுதான் என்னுடைய முறைப்பாடு முழுவதும்.

ஆகவே புதிய அலைவரிசை ஒன்று வருமானால், முதலில் அதன் அரைமணியை வரைந்து காட்டுமாறு கேட்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் பத்து நிமிடம் நாட்டுச் செய்தி. அதற்குள் வானிலை, ஆற்று மட்டம், மண்சரிவு அறிவித்தல்கள் ஒவ்வொரு முறையும் ஒரே நிமிடத்தில் வர வேண்டும், அன்று வெயிலாக இருந்தாலும் வர வேண்டும். பழக்கம் இருந்தால்தான் ஆபத்து நாளில் கண் அங்கே போகும். பின் உலகம், மரக்கறி விலை, விளையாட்டு. கடைசி ஐந்து நிமிடம் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் ஹட்டனுக்கும் மன்னாருக்கும் புத்தளத்துக்கும் தனித்தனியே பிரியட்டும். டிஷ்ஷில் ஒரே படம்தான் எல்லா வீட்டுக்கும் போகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஊர்க் கேபிளிலும் இணைய வழித் தொலைக்காட்சியிலும் அந்தத் தடை இல்லை, டிஷ் வீடுகளுக்கு ஐந்து ஊர்களையும் முறை வைத்துக் காட்டலாம். விவாதம் வேண்டுமென்றால் இரவு ஒன்பதுக்கு ஒரு மணிநேரம் இருக்கட்டும். அதற்குள்ளும் அரைமணிக்கொருமுறை சக்கரத்தின் முதல் இரண்டு நிமிடம் கட்டாயம் புக வேண்டும்.

மொழிபெயர்ப்பு மேசை பற்றி ஒரு சொல். இரவுப் பணியில் ஒருவரை மட்டும் வைப்பது சிக்கனம் போலத் தெரியும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிக்காமல் திரைக்கு விடக்கூடாது என்பது நாங்கள் தட்டச்சுப் பொறியில் வேலை செய்த காலத்திலேயே இருந்த விதி. அதோடு இடப்பெயர் அகராதி ஒன்று மேசையில் இருக்க வேண்டும். அரச அறிவித்தலில் ஒரு தோட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி இருக்கும், சிங்களத்தில் இன்னொரு மாதிரி இருக்கும், அங்கே பிறந்து வளர்ந்தவர் வாயில் மூன்றாவது மாதிரி இருக்கும். தோட்டத்தின் கீழ்ப் பிரிவை “லோவர் டிவிசன்” என்று திரையில் எழுதினால், பணியக் கணக்கு என்றே சொல்லிப் பழகிய பாட்டிக்கு அது தன் லயம்தான் என்று எப்படித் தெரியும்? இந்தப் பெயர்களை மலையகத்திலுள்ள ஆசிரியர்களைக் கொண்டு ஒரு தவணை விடுமுறைக்குள் திரட்டிவிடலாம். கலையகத்தின் ஒரு விளக்குக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

சலூனில் பார்த்த அந்த இளைஞரைச் சில வாரங்களுக்குப் பிறகு அதே இடத்தில் கண்டேன். தாயார் அன்றிரவு தோட்டத்துப் பாடசாலைக்குப் போய்விட்டாராம். மகன் சொன்னதால் போனாராம். தொலைக்காட்சியில் என்ன வந்தது என்று கேட்டேன். அங்கே மின்சாரம் இல்லாததால் ஒன்றும் பார்க்கவில்லை என்றார். ஆகவே புதிய அலைவரிசையின் அந்த முதற் பத்து நிமிடத்தை ஒலியாக வானொலிக்கும் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; இக்கடிதத்தைத் தொடங்கியபோது அது எனக்குத் தோன்றவில்லை.

தங்கள் வாசகர் அடுத்த முறை எழுதும்போது, கலையகத்தின் அளவைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுத் தமது அரைமணியை நிமிடக் கணக்கோடு எழுதுவாரானால், அந்த மொழிபெயர்ப்பு மேசைக்கு வாரத்தில் இரண்டு இரவு சம்பளமின்றி வர நான் ஆயத்தமாக இருக்கிறேன். கண்புரைச் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. அடியில் ஊரும் சிறிய எழுத்தும் இப்போது தெளிவாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செய்தி மொழிபெயர்ப்பாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.