ரூபாயில் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

டிக்கெட்டில் ஐந்நூறு ரூபாய் குறையுமா என்று ராத்திரி முழுக்க செல்போனைத் தடவுகிற நம் ஆட்கள், சிங்கப்பூர் போய் இறங்கி கார்டைத் தேய்க்கும்போது போகிற பணத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

கடையில் கார்டைக் கொடுத்ததும் மெஷினில் இரண்டு தொகை வரும், ஒன்று சிங்கப்பூர் டாலரில், இன்னொன்று ரூபாயில். ரூபாயைப் பார்த்ததும் அப்பாடா என்று அதை அமுக்கிவிடுகிறார்கள், சில இடங்களில் கல்லாவில் இருப்பவரே அமுக்கிவிடுகிறார் (கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது விசா, மாஸ்டர்கார்டு ஆகிய கார்டு கம்பெனிகளின் விதி). அந்த ரூபாய்க் கணக்கைப் போடுவது நம் வங்கி அல்ல. கடைக்காரர் தரப்பில் கார்டு கணக்கைப் பார்க்கிற கம்பெனி தன் லாபத்தையும் சேர்த்துப் போடுகிற ரேட் அது, போதாக்குறைக்கு நம் வங்கிகள் சில அதற்கும் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கின்றன. எந்த ஊரோ அந்த ஊர்ப் பணத்திலேயே போடச் சொல்லுங்கள்.

ஏடிஎம்மிலும் இதே கதைதான். பாங்காக்கில் இந்த ரேட்டை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று திரையில் கேட்கும். மறுத்தால் பணம் வராதோ என்று பயப்பட வேண்டாம், வரும். ஆனால் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் தாய்லாந்துப் பணத்தில் 200 பாட் (baht) தாண்டிக் கட்டணம், ஆயிரம் எடுத்தாலும் பத்தாயிரம் எடுத்தாலும் அதேதான், அதனால் சில்லறை சில்லறையாக எடுக்காதீர்கள்.

சரி, உள்ளூர்ப் பணத்தில் போட்டால் நம் வங்கி சும்மா விடுமா? பல கார்டுகளில் 3.5 சதவீதம் மார்க்கப் (பணத்தை மாற்றித் தர வங்கி பிடிக்கிற கூடுதல் கட்டணம்), அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. லட்ச ரூபாய்க்குச் செலவு செய்தால் 4,130 ரூபாய் இப்படியே போய்விடும். மார்க்கப் குறைவான கார்டுகளும், அறவே இல்லாத கார்டுகளும் இருக்கின்றன, கிளம்புவதற்கு முன்பே விசாரித்து வாங்கலாம். ஃபாரெக்ஸ் கார்டு (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணத்தை ஏற்றிக்கொண்டு போகிற கார்டு) என்றால் போகிற நாட்டுப் பணத்தையே ஏற்றுங்கள். அமெரிக்க டாலரை ஏற்றிக்கொண்டு மலேசியாவில் தேய்த்தால் அதை ரிங்கிட்டாக மாற்ற மறுபடி ஒரு கட்டணம். கைச்செலவுக்கு நோட்டு வேண்டுமென்றால் விமான நிலைய கவுன்ட்டரில் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு, மீதியை ஊருக்குள் நாலு கடை ரேட் கேட்டு மாற்றுவதுதான் லாபம்.

ரிசர்வ் வங்கிக்கு ஒரு கோரிக்கை. வெளிநாட்டில் கார்டு தேய்த்ததும் எனக்கு வருகிற எஸ்எம்எஸ்ஸில் தொகை மட்டும்தான் இருக்கிறது, மார்க்கப்பும் ஜிஎஸ்டியும் அப்புறம் ஸ்டேட்மென்ட்டில்தான் தலைகாட்டுகின்றன. என்ன ரேட், எவ்வளவு கட்டணம் என்பதை அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே தனித்தனியாகப் போட வங்கிகளுக்கு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி